கணக்கில் வராத ஒன்பது வருஷம்

மூங்கில் தோட்டத்தில் ஸ்டோர் சங்கை யார் ஊதுகிறார்கள் என்பதைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் படுத்தபடியே சொல்லிவிடுவார்கள். மாயாண்டி ஊதினால் முதலில் தொண்டையைக் கனைத்துக்கொள்வதுபோல ஒரு சின்ன இழுப்பு. பிறகு நீளமாகப் போய், மெல்லத் தேய்ந்து, சுண்ணாம்புக் குன்றில் பட்டுத் திரும்பி வரும். சீனி ஊதினால் வெட்டினாற்போல் ஆரம்பித்து வெட்டினாற்போல் முடியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலு, தைப்பூசம் கழிந்த இரண்டாம் வாரத்திலிருந்து சங்கு வெட்டினாற்போல்தான் கேட்டது.

ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகும் ரயிலில் ஏறி இறங்கி, செம்மண் பாதையில் இரண்டு மைல் நடந்தால் அந்தத் தோட்டம். துரைமார் காகிதங்களில் அதற்கு வேறு ஏதோ பெயர். ரப்பர் வைப்பதற்கு முன் மூங்கில் காடாகக் கிடந்ததால் ஜனங்களுக்கு அது மூங்கில் தோட்டம். வெட்டிய பால் வந்து சேருகிற தகரக் கட்டடம் ஸ்டோர். பாலை உறைய வைத்து, இரும்பு உருளைகளுக்கு நடுவில் விட்டுத் தகடாக்கிப் புகைக்கு ஏற்றுவார்கள். உருளைகளைச் சுற்றுவது ஒரு நீராவி இஞ்சின். அதற்கு மூச்சுக் கொடுப்பது பக்கத்துக் கொட்டகையில் யானைபோலப் படுத்திருந்த பாய்லர்.

மாயாண்டி கப்பலேறி வந்தது பால் வெட்டத்தான். வந்த மறு வருஷமே பாய்லருக்கு விறகு தள்ளப் போனான். அப்போது இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்த சீக்கியர் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் துரை கொட்டகை வாசலில் வந்து நின்று, "நீ ஓட்டுவாயா?" என்று கேட்டார். ஓட்டினான். ஒன்பது வருஷம் ஓட்டினான். தண்ணீர் குறைவதை அவனுடைய காது கண்ணாடிக் குழாய் காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடும். விறகு ஈரமா காய்ந்ததா என்று புகையின் நிறத்தைப் பார்த்துத் தூரத்திலிருந்தே சொல்லுவான். லயத்தில் அவனுக்கு 'இஞ்சின்காரர்' என்று பெயர். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பத் தாமதமாகும். இஞ்சின்காரரே என்றால் உடனே திரும்புவான்.

சீனி அவனுடைய தங்கை ராக்காயியின் புருஷன். பால் வெட்டுவதில் கை ஓடாதவன். பட்டையைத் தாண்டி மரத்தையே காயப்படுத்திவிடுவான். கங்காணியின் வாயிலிருந்து அவனைத் தப்புவிக்க மாயாண்டிதான் துரையிடம் சொல்லிப் பாய்லர் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டான். நாலு மாசம் விறகு தள்ளினான். பிறகு ஒரு நாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கம்பார் பக்கம் ஈயச் சுரங்கத்துக்குப் போய்விட்டான். அங்கேயும் பாய்லர், அங்கேயும் விறகு. இரண்டு வருஷம் கழித்து, பையில் ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தான். அந்தக் கடிதம் என்ன செய்யப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சட்டம் முன்னமே இருந்ததாம். பாய்லர் இருக்கிற இடத்தில் பரீட்சை தேறிய டிரைவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். சுரங்கங்களில் அதைக் கண்டிப்பாகப் பார்த்தார்கள். காட்டுக்குள் கிடக்கும் தோட்டங்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இருபத்து மூன்றின் கடைசியில் எட்டிப் பார்த்தார்கள். டிரைவருடைய சான்றிதழ் எங்கே என்று கேட்டுத் துரைக்குக் கடிதம் வந்தது. மலாய் மொழியில் பத்திரத்துக்குச் சொல்லும் 'சூராட்' என்ற சொல்தான் லயத்தில் அந்தச் சான்றிதழுக்குப் பெயராயிற்று. இஞ்சின்காரருக்குச் சூராட் இல்லையாம். ஒன்பது வருஷத்தில் யாருக்கும் தோன்றாத கேள்வி ஒரே நாளில் எல்லார் வாயிலும் இருந்தது.

துரை மாயாண்டியையும் சீனியையும் ஈப்போவுக்கு அனுப்பினார். யாராவது ஒருவர் தேறினால் போதும் என்றார். கூடப் போனவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மயில்வாகனம், யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டில் ஒரு கசங்கல் இல்லாதவர். இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் நடுவில் நிற்க அவரை விட்டால் தோட்டத்தில் ஆள் கிடையாது.

அலுவலகத்து மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா மாயாண்டியின் பெயரை எழுதிக்கொண்டு கேட்டார்.

"எத்தனை வருஷ வேலை?"

"ஒம்பது வருசமுங்க."

"யாருக்குக் கீழே?"

"யாருக்குக் கீழயும் இல்லீங்க. நாந்தான்."

மாயாண்டி அதைப் பெருமையாகத்தான் சொன்னான். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிராணி மாயாண்டியைச் சுவரோரம் அழைத்துப் போனார்.

"சூராட் உள்ள டிரைவருக்குக் கீழே இரண்டு வருஷம் பழகியிருக்க வேணும். அவர் கையெழுத்து வைத்த கடிதம் வேணும். அப்பதான் பரீட்சைக்கு விடுவினம். நீர் பழகினது சூராட் இல்லாத ஆளிட்டை. பிறகு நீரும் சூராட் இல்லாமல் ஓட்டினீர். அந்த ஒன்பது வருஷமும் இவையின்ரை கணக்கிலே வராது காணும்."

"வராதுன்னா, நான் அந்த ஒம்பது வருசமும் என்ன செஞ்சிக்கிட்டிருந்தேன்?"

"சட்டப்படி பார்த்தால்," கிராணி குரலைத் தாழ்த்தினார், "குற்றம் செய்துகொண்டிருந்தீர்."

சீனி கம்பார்க் கடிதத்தை நீட்டினான். இரண்டு வருஷம், சூராட் உள்ள டிரைவருக்குக் கீழே, கையெழுத்தோடு. உள்ளே கூப்பிட்டார்கள். கால் மணி நேரம். மாயாண்டி பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சீனி தேறக்கூடாது என்று நினைக்கவில்லை. தேறினால் என்ன ஆகும் என்று மட்டும் நினைத்தான். நினைக்க நினைக்க அடிவயிற்றில் யாரோ ஒரு கொள்ளிக்கட்டையை நகர்த்தி வைத்ததுபோல் இருந்தது.

சீனி வெளியே வரும்போது முகத்தை அடக்கிக்கொண்டுதான் வந்தான். அந்த அடக்கம்தான் மாயாண்டிக்குப் பொறுக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

திரும்பும் ரயிலில் சீனி புதுச் சூராட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தான்.

"மச்சான், உள்ள என்ன கேட்டாங்க தெரியுமா? கண்ணாடியில தண்ணி தெரியலன்னா மொதல்ல..."

"எனக்கு எதுக்கு மாப்ளே அது?"

ஜன்னலுக்கு வெளியே ஈயக் குட்டைகள் வானத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

மறுநாள் துரை சொன்னது சுருக்கமாக இருந்தது. டிரைவர் சீனி. விறகு தள்ள மாயாண்டி. "உன்னுடைய இரண்டு வருஷம் இன்று ஆரம்பம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொல்லும்போது அது தீர்ப்புப்போலக் கேட்டது.

சூராட்டைக் கண்ணாடி போட்டு இஞ்சின் கொட்டகையில் மாட்டிவைக்க வேண்டும் என்பதும் விதி. சீனி பாய்லருக்கு எதிர்ச் சுவரில் மாட்டினான். மாயாண்டிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கட்டை எடுக்கத் திரும்பும்போதும் அடுப்பின் வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டு அவனைப் பார்த்துக் கண் சிமிட்டும். ஒரு நாளைக்கு எத்தனை கட்டை, அத்தனை சிமிட்டல்.

சீனி அதட்டுகிற ஆள் இல்லை. "மச்சான், ஆவி முள்ளு கொஞ்சம் எறங்குதே" என்பான். அது கேள்வியா, உத்தரவா, ஞாபகப்படுத்தலா? மாயாண்டி ஒரு கட்டையை எடுத்து உள்ளே போடுகிற நேரத்துக்குள் மூன்று விதமாகவும் அதைப் புரட்டிப் பார்த்துவிடுவான். எப்படிப் புரட்டினாலும் சுட்டது. 'மச்சான்' என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தால் நல்லது. மேலே இருக்கிறவன் மேலே இருக்கிறவனாகவே நடந்துகொண்டால் வெறுக்கவாவது வசதியாயிருக்கும்.

அவன் வேலையில் குறை வைக்கவில்லை. கேட்டதைச் செய்தான். கேட்காததைச் செய்யவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் இஞ்சினின் அச்சு ஒன்று எண்ணெய் இல்லாமல் முனகத் தொடங்கியது. சீனியின் காதில் விழுவதற்கு அரை மணி முன்னாலேயே அவன் காதில் விழுந்துவிட்டது. கேட்கட்டும், சொல்கிறேன் என்று கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சீனி பதறி ஓடி எண்ணெய் விட்டபோது அவனுக்கு உள்ளே குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி மத்தியானம்வரைகூட நிற்கவில்லை.

வீட்டில் பெண்டாட்டி வீரம்மா விடவில்லை.

"ஒம்பது வருசம் அந்தத் தீயில வெந்தீங்க. ஒங்களுக்கு ஒரு காகிதம் கெடைக்கல. நாலு மாசம் வெறகு தள்ளிட்டு ஓடிப்போனவருக்கு மாலை மரியாதை."

"மாலை யாரு போட்டா?"

"ராக்காயி நடையைப் பாக்கல நீங்க. கொழாயடியில கொடத்தை வெக்கிறதே தனியா இருக்குலா."

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. இருபத்தைந்தாம் வருஷம் ஆடியில் சீனிக்கு நேரம் சரியில்லாமல் போனது. இஞ்சினின் தோல் வார் இரண்டு தடவை அறுந்தது. ஆவி பட்டு அவன் முழங்கை வெந்தது. பிள்ளைக்கு மாந்தம். ராக்காயி தண்ணீர்மலைக் கோயில் பண்டாரத்திடம் போய்க் கேட்டாள். அவர் சொன்னது கண் என்று.

வெள்ளிக்கிழமை காலை மாயாண்டி கொட்டகைக்குள் நுழைந்தபோது எதிரே ஒரு முகம் தொங்கியது. நீற்றுப் பூசணிக்காய். கரியால் உருட்டிய கண், குங்குமத்தில் நாக்கு, காது வரை முறுக்கிவிட்ட மீசை. தகரக் கூரையின் உத்திரம் ஆளுக்கு எட்டாத உயரம். அதனால் பாய்லரின் தலைமேல் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கையில் அதைக் கட்டியிருந்தார்கள்.

அந்தக் கை விளையாட்டுக்கு நீட்டிக்கொண்டிருப்பதல்ல. பாய்லருக்குள் ஆவி அளவுக்கு மிஞ்சினால் ஒரு வால்வு தானாகத் திறந்து வெளியே விட்டுவிடும். அதை மூடி அழுத்திப் பிடித்திருப்பது அந்தக் கையும் அதன் நுனியில் மாட்டிய இரும்புக் குண்டும். குண்டின் எடையும் இடமும் பாய்லர் சோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டர் அளந்து வைத்துவிட்டுப் போனவை. அதற்குமேல் எதைத் தொங்கவிட்டாலும் வால்வு திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. பாய்லர் வெடித்தால் ஸ்டோரில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். தன்னுடைய ஒன்பது வருஷத்தில் மாயாண்டி அந்தக் கையில் ஒரு துண்டுகூடப் போட்டதில்லை.

ராக்காயி சோற்றுத் தூக்கோடு நின்றிருந்தாள்.

"இது என்ன?"

"பூசணி."

"பூசணின்னு தெரியுது. எதுக்கு இங்க?"

"கண்ணு படக்கூடாதுன்னுதான், அண்ணே."

"யாரு கண்ணு?"

ராக்காயி தூக்கின் மூடியை முந்தானையால் துடைத்தாள். "ஊருல கண்ணுக்கா பஞ்சம்."

"ஊருக்காரன் எவனும் இந்தக் கொட்டகைக்குள்ள வரமாட்டான். நானும் ஒன் புருசனுந்தான் இருக்கோம்."

ரப்பர் தகடுகளைத் தலையில் சுமந்து வாசலைக் கடந்த செல்லாயி எட்டிப் பார்த்தாள். ஸ்டோரில் வாய்க்குப் பேர்போனவள். "மீசையைப் பாருங்கண்ணே. யாரோ தெரிஞ்ச ஆளு மாதிரி இல்ல?"

ராக்காயி சிரிக்கவில்லை. மாயாண்டி தன் மீசையைத் தொடப்போன கையை இடுப்புக்கு இறக்கிக்கொண்டான்.

அவள் போனபிறகு சீனி குரலைத் தணித்துச் சொன்னான்.

"தப்புன்னு தெரியும் மச்சான். அவ கேக்க மாட்டேங்கிறா. அமாவாசை வரைக்கும் கை வெக்கக்கூடாதாம், எடுத்தா எதிரடியாப் போயிருமாம். பதினோரு நாளுதான். எம்பதுல நிக்கிற முள்ளை அறுவதுலயே வெச்சிருவோம். அப்ப பயமில்ல."

"சரி" என்றான் மாயாண்டி.

அறுபதுக்குமேல் ஏற்றவில்லை. உருளைகள் கிழவன் வெற்றிலை மெல்லுவதுபோல் சுற்றின. ஆனாலும் எந்தக் கணமும் முள் தவறி ஏறலாம் என்பது அவனுக்குத் தெரியும். விறகுக் கணக்கை அவன் கவனமாகப் பார்த்துக்கொண்டதும் உண்மை. அந்த நாட்களில் சீனியைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததே தன் கை என்று நினைத்தான். அந்தக் கைக்கு எதிராகத்தான் பூசணி தொங்குகிறது என்று நினைத்தபோது எடுத்த கட்டையைத் திரும்பக் குவியலிலேயே போட்டான். கூடப்பிறந்தவள். சின்ன வயதில் காலில் முள் குத்தினால் அவனிடம்தான் ஓடி வருவாள். அவள் உட்கார்ந்து, கரியைத் தேய்த்து, இந்த மீசையை வரைந்திருக்கிறாள்.

எட்டாம் நாள், வெயில் ஏறிய நேரம், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் இன்ஸ்பெக்டர் துரையின் மோட்டார் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தது. கிராணி மயில்வாகனம் பின்னாலேயே ஓடிவந்தார். இன்ஸ்பெக்டர் கொட்டகைக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டார். பூசணியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சத்தம் போடவில்லை. நெருப்பை வெளியே இழுக்கச் சொன்னார். மாயாண்டி இழுத்தான். தணல் தரையில் பரவிச் சீறியது. இஞ்சின் தடுமாறி நின்றது. ஸ்டோர் முழுக்க அமைதி. உருளையடியில் நின்ற பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் கேட்க, கிராணி தமிழில் கேட்டார்.

"எப்ப கட்டினது?"

சீனி உதட்டை நனைத்துக்கொண்டான். "இன்னிக்குக் காலையிலதாங்க. ஆவி ஏத்துறதுக்கு முன்ன. எடுக்க மறந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவனை நம்பினாரா என்று தெரியவில்லை. மாயாண்டியின் பக்கம் திரும்பி எதையோ கேட்டார்.

"இது எத்தனை நாளாய்த் தொங்குது என்று கேட்கிறார்" என்றார் கிராணி. "யோசித்துச் சொல்லும்."

அந்த இடத்தில் யோசிக்க இரண்டு விஷயம் இருந்தன. ஒன்று எட்டு நாள். இன்னொன்று அறுபது. எட்டு நாளும் அறுபதைத் தாண்டவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது வேறு பேச்சாகியிருக்கும். தெரிந்து செய்த தப்பு, ஆனால் தெரிந்தே காபந்தும் செய்துகொண்டான் என்றாகும். சீனி அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. கெஞ்சலைப் பார்த்ததும் மாயாண்டிக்கு ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை இறங்கியது.

"எட்டு நாளுங்க" என்றான்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். வேறு ஏதாவது கேட்பார் என்று மாயாண்டி நின்றான். கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சூராட்டை ஆறு மாசத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். கண்ணாடியோடு கழற்றி மோட்டாரில் எடுத்துப்போனார்கள். பொய் சொல்லாமலிருந்தால் மூன்று மாசத்தோடு போயிருக்கும் என்று கிராணி பிறகு சொன்னார். பூசணியை யார் தொடுவது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோது, இன்ஸ்பெக்டரே கத்தியால் கயிற்றை அறுத்துக் கீழே போட்டார்.

தன்னை மறுபடி இஞ்சினில் உட்காரவைப்பார்கள் என்று மாயாண்டி ஒரு இரவு முழுக்க நம்பினான். சட்டம் அதற்கும் இடம் வைக்கவில்லை. ஈப்போவிலிருந்து சூராட் உள்ள சீனர் ஒருவரைத் துரை ஆறு மாசத்துக்கு வரவழைத்தார். அவர் யாரோடும் பேசாமல் வந்தார், ஓட்டினார், போனார். மாயாண்டி விறகு தள்ளினான்.

எதிர்ச் சுவரில் இப்போது கண் சிமிட்ட ஒன்றுமில்லை. நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் லயம் வேறு பக்கம் சாய்ந்துவிட்டது. சீனி புல் வெட்டும் கும்பலில் குனிந்து நடந்துபோனான். அவன் வீட்டு வாசலுக்கு ஆட்கள் போனார்கள். ஒருத்தி கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனாள். ஒருத்தி பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கங்காணிகூட நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். மாயாண்டி சங்கையும் இருக்கையையும் இழந்தபோது ஒருவரும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை கொண்டு வரவில்லை. அது நடந்ததே யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. இவன் விழுந்தால் மட்டும் தாங்கிக்கொள்ள இத்தனை கைகள். சீனியின் உயர்வைக் கண்டு எரிந்த வயிறு இப்போது அவனுடைய கஷ்டத்தைக் கண்டு எரிந்தது. இது என்ன வகை எரிச்சல் என்று அவனுக்கே வெட்கமாயிருந்தது. எரிவது நிற்கவில்லை.

வீரம்மாகூட ஒரு சாயங்காலம் கேட்டாள்.

"அறுவதுக்கு மேல ஏத்தவே இல்லியாமே அவரு. நீங்க அதைச் சொல்லலியா?"

"கேக்கல."

அவள் அரிசிச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினாள். ராக்காயி அதற்கும் முன்பே பேச்சை நிறுத்தியிருந்தாள். குழாயடியில் அண்ணன் வந்தால் குடம் நிறையாவிட்டாலும் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

இருபத்தாறாம் வருஷம் மாசியில் சீனி திரும்பக் கொட்டகைக்கு வந்தான். சூராட்டை அதே ஆணியில் மாட்டினான். மாயாண்டியைப் பார்த்து, "வாங்க மச்சான்" என்றான்.

இரண்டு வருஷமும் அப்போது முடிந்திருந்தது. ஒன்றரை வருஷம் சீனிக்குக் கீழே, ஆறு மாசம் சீனருக்குக் கீழே. சீனர் போகும்போதே கடிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். மீதிக்குச் சீனியின் கையெழுத்து வேண்டும். அது இல்லாவிட்டால் ஒன்பதோடு இந்த இரண்டும் சேர்ந்து பதினொரு வருஷம் கணக்கில் வராது. மாயாண்டி பத்து நாள் தள்ளிப்போட்டான். கடைசியில் கிராணிதான் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"சொல்லும் சீனி. நான் இங்கிலீஷிலே எழுதுறன்."

சீனி நின்றுகொண்டே சொன்னான். சொல்லச் சொல்ல கிராணியின் பேனா ஓடியது.

"எங்கிட்ட ஒன்றரை வருசம் வேலை செஞ்சாரு. குடிக்க மாட்டாரு. நேரம் தவற மாட்டாரு. நெருப்பு வெக்கிறதுல அவர் மாதிரி ஆளை நான் பாத்ததில்ல." கொஞ்சம் நிறுத்தினான். "கேட்டதுக்கு உண்மையைச் சொல்லுவாரு. கேக்காததைச் சொல்ல மாட்டாரு."

பேனா நின்றது. கிராணி தலையைத் தூக்கவில்லை.

"அது வேணாங்க" என்றான் மாயாண்டி.

"எது மச்சான், பொய்யா?"

"பொய் இல்ல. வேணாம்."

"நெருப்பு நல்லா வெப்பாருங்கிறதும் உண்மை. இதும் உண்மை. ரெண்டும் இருந்தா கையெழுத்துப் போடுறேன். ஒண்ணை எடுத்தா ரெண்டையும் எடுத்துருங்க கிராணி."

கிராணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாயாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அந்த ஒரு வரியைச் சொல்வதற்காகச் சீனி ஆறு மாசம் புல் வெட்டிக்கொண்டே யோசித்திருக்க வேண்டும். இப்படி ஒரு வரி தனக்கு ஆயுசுக்கும் வராது என்று நினைத்தான்.

"எழுதுங்க" என்றான்.

சீனி தமிழில் கையெழுத்துப் போட்டான். நிதானமாக, எழுத்து எழுத்தாக. மாயாண்டிக்குக் கட்டைவிரல் ரேகைதான். அந்தக் கையெழுத்தையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஈப்போவில் இந்தத் தடவை குமாஸ்தா பேனாவைக் கீழே வைக்கவில்லை. உள்ளே இருந்த இன்ஸ்பெக்டர் வேறு ஒருவர். நரைத்த புருவம். கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, மறுபடி படித்து, கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"இஞ்சின் அறையிலே இருக்கிறவனுக்கு இதைவிட நல்ல குணம் வேறில்லையாம். வீண்பேச்சு இல்லாத ஆள் என்கிறார்."

மாயாண்டி தரையைப் பார்த்தான்.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியாவிட்டால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார். தண்ணீர் விடமாட்டேன், ஈரச் சாம்பலைப் போட்டு நெருப்பை மூடுவேன், ஆவி அடங்கும் வரை வால்வில் கை வைக்கமாட்டேன் என்றான். விறகைப் பற்றிக் கேட்டார். அச்சு சூடேறுவதை எப்படி அறிவாய் என்று கேட்டார். காதால் என்றான். இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஒன்பது வருஷமும் ஒவ்வொன்றாக வாய்க்கு வந்தன. எந்த வருஷத்துப் பதில் எது என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாந்தரச் சூராட் கிடைத்தது.

சாயங்கால ரயிலில் இறங்கி நடந்து வந்தபோது தோட்டத்து முகப்பில் இருந்த காப்பிக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிராணி முன்னாலேயே சைக்கிளில் வந்து சொல்லிவிட்டிருந்தார். புகைக்கூடத்து இராமசாமி எழுந்து நின்றார்.

"சூராட் கெடைச்சிருச்சாமே. சீனிக்குப் பெரிய மனசுலா. வேற ஒருத்தனா இருந்தா அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பானா?"

"போட்டிருக்க மாட்டான்" என்றார் பக்கத்திலிருந்தவர். "நானா இருந்தா போட்டிருக்க மாட்டேன்."

"பாஸ் பண்ணது இவருண்ணே" என்றாள் வெற்றிலை வாங்க வந்த செல்லாயி. "சீனி இல்ல."

"ஆமா ஆமா. இவரும் பண்ணியிருக்காரு. நல்லா இருக்கட்டும்."

மாயாண்டி நிற்காமல் நடந்தான். காகிதம் சட்டைக்குள் வியர்வையில் ஒட்டியிருந்தது.

லயத்து வாய்க்கால் பாலத்தில் சீனி நின்றிருந்தான். அவனுக்காகத்தான் நின்றிருக்கிறான் என்பது தெரிந்தது.

"ஒரே பாய்லருக்கு ரெண்டு டிரைவரு எதுக்குன்னு தொரை கேட்டாராம்" என்றான். "ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்துல ஆள் தேடுறாங்க. புது இஞ்சினாம். கிராணிகிட்ட ஒங்க பேரைச் சொல்லி வெச்சிருக்கேன். தனிக் கொட்டகை, கீழ ரெண்டு ஆளு. பாத்துக்குங்க மச்சான்."

சொல்லிவிட்டு அவன் லயத்தின் பக்கம் திரும்பி நடந்தான்.

மாயாண்டி பாலத்திலேயே நின்றான். தன்னை இங்கிருந்து கிளப்பிவிடப் பார்க்கிறானா? இல்லை, நல்லதுதான் செய்கிறானா? ஒரு கட்டையைப் புரட்டுவதுபோல அந்தப் பேச்சைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். புது இஞ்சின் என்றான். கீழே இரண்டு ஆள் என்றான். எங்கே குத்தல் இருக்கிறதென்று தேடினான். எந்தப் பக்கமும் அகப்படவில்லை. அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.